எங்க வூட்டுக்காரர் கழுத்துல என் தாலி

அத்தை உள்ளே நுழைஞ்சப்ப நான் மெஷின்ல நின்னுக்கினு இருந்தேன். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடித் துணி, இழுத்துக் கட்டின கொண்டை, உடம்பெல்லாம் தேக்குத் தூள். பெத்த தாயே வந்தாலும் நீ யாருன்னு கேட்டிருப்பா. அதனால அத்தை என்னைப் பார்க்கலை. நேரா அவங்க புள்ளையைத்தான் பார்த்தாங்க.

அவங்க புள்ளை, அதாவது எங்க வூட்டுக்காரர் ஏழுமலை, வாசப்பக்கம் ஸ்டூல்ல உட்கார்ந்து யார்கிட்டயோ போன்ல பலகை விலை பேசிக்கினு இருந்தாரு. வெயில் காலம். சட்டையோட மேல் பட்டன் ரெண்டையும் கழட்டி விட்டிருந்தாரு. உள்ளே நெஞ்சு முடி மேல மஞ்சக்கயிறு, அதுல பொட்டுத்தாலி, ரெண்டு பக்கமும் தங்கக் குண்டு, பவழம். என் தாலி.

அத்தை தலையில இருந்த மீன் கூடையைக்கூட இறக்கலை. அப்படியே நின்னாங்க. இவரு போனைக் காதுல வெச்சபடியே, "வாம்மா, டீ சொல்லட்டா?"ன்னு கேட்டாரு. கழுத்துல தாலியோட உட்கார்ந்து அம்மாவுக்கு டீ சொல்றது தினம் நடக்கற விஷயம் மாதிரி.

நான் சிவப்பு ஸ்விட்சை அமுக்கினேன். மோட்டார் அடங்கினாலும் கட்டை கொஞ்ச நேரம் சுத்திக்கினேதான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல எங்கேயாவது ஓடிப் போயிடலாமான்னு யோசிச்சேன். எங்க பட்டறைக்குப் பின்வாசல் கிடையாது.

வலைக் கொட்டாய்

எங்க பட்டறை பெசன்ட் நகர்ல, கடற்கரைக்குப் பின்னாடி குப்பத்து ஓரமா இருக்கு. கடைசல் பட்டறை. மரக்கட்டையை மெஷின்ல மாட்டி சுத்த விட்டு, உளி வெச்சி உருட்டிக் கடையறது. மேஜைக் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, எது உருண்டையா வேணுமோ அது. தி.நகர் பர்னிச்சர் கடைங்களுக்குக் கால் எல்லாம் எங்க கிட்டேருந்துதான் போவுது. நீங்க உட்கார்ந்திருக்கற சோபாவுக்கே நான் கால் கடைஞ்சிருக்கலாம். ஆடுதுன்னா அது நான் கடைஞ்சது இல்ல.

முன்னாடி அது மாமாவோட வலை வைக்கற கொட்டாய். மாமான்னா இவரோட அப்பா. கடலுக்குப் போனவரு, ஒரு நாள் திரும்பி வரலை. கொட்டாய் அத்தை பேருக்கு வந்துச்சு. அத்தை அடையாறு மார்க்கெட்ல மீன் வித்து இவரை வளர்த்தாங்க. கடல் பக்கமே போகக் கூடாதுன்னு மரவேலைக்கு அனுப்பிச்சாங்க.

இவரு தோள் கதையைத்தான் போன வாரம் இந்தப் பத்தியில எழுதியிருந்தேன். அடையாறு பாலத்துல வண்டியிலேருந்து விழுந்ததும், இடது கை தோளுக்கு மேல எழும்பாமப் போனதும். உளி பிடிக்க ரெண்டு கையும் வேணும். டீ கிளாஸ் தூக்கற உயரத்துக்கு மட்டும் அந்தக் கை தாராளமா வரும், அது வேற விஷயம்.

அப்ப பட்டறையை மூடிடலாமான்னு இவரு கேட்டப்ப, முதல்ல வாயைத் திறந்தது அத்தைதான். "ஏன், இவளுக்குக் கை இல்லியா?"ன்னாங்க. வருஷக் கணக்கா பக்கத்துல நின்னு உப்புத்தாள் போட்டவ நான், பாலீஷ் அடிச்சவ. மெஷினோட சத்தத்தை வெச்சே கட்டையில முடிச்சு இருக்குன்னு சொல்லிடுவேன். அதனால நின்னேன். ஆரம்பத்துல கடைஞ்ச பூரிக்கட்டைங்க எல்லாம் கொஞ்சம் வாழைப்பூ மாதிரி வந்துச்சு. அதையும் அத்தை மார்க்கெட்ல மீனோட சேர்த்து வித்துட்டாங்க.

இதை எதுக்கு சொல்றேன்னா, அத்தையை வில்லியா நினைச்சிடாதீங்க. நான் அந்த மெஷின்ல நிக்கறதே அவங்களாலதான்.

கழட்டற நேரம்

எங்க பட்டறையில காலையில சாமிக்கு ஊதுவத்தி காட்டினதும் அடுத்த சடங்கு கழட்டறது. இவரு வெச்ச சட்டம். மோதிரம் கழட்டு, வாட்ச் கழட்டு, துப்பட்டா எடு, முழுக்கை சட்டைன்னா மடிச்சி விடாதே, வேற சட்டை போட்டுக்கினு வா. மடிச்ச கை அவுந்து தொங்கும். பின்னல் போடக் கூடாது, கொண்டைதான். என் கண்ணாடி வளையல் எல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டில்ல போயிடும். மெட்டியை மட்டும் விட்டுக் கொடுக்கலை. கால் விரலை மெஷின்ல விடற அளவுக்கு நான் இன்னும் போவலைன்னு சொல்லிட்டேன்.

கையுறையும் கூடாது. இது நிறைய பேருக்குப் புரியாது. ஒரு தடவை சோபாக் கடைக்காரர் ஒருத்தர் நான் பொம்பளையாச்சேன்னு பாவப்பட்டு, நல்ல தடிமனா ஒரு ஜோடி கையுறை வாங்கிக் குடுத்தாரு. சுத்தற கட்டை வெறும் விரலைத் தொட்டா தோல் வழண்டு போவும், அதோட விட்டுடும். துணியைத் தொட்டா விடாது. சுருட்டிக்கினு கையையும் சேர்த்து இழுக்கும். அந்தக் கையுறையை வெச்சி இவரு இப்போ இட்லிப் பானை இறக்கறாரு.

அப்புறம் உப்புக் காத்து. கடற்கரைன்னா எல்லாருக்கும் சுண்டலும் காத்தும். எங்களுக்கு அந்தக் காத்து ஸ்விட்ச் போர்டைத் தின்னற பிசாசு. ஆணி துருப்பிடிக்கும், வயர் பச்சை பூத்துப் போவும், மோட்டார் உடம்பைத் தொட்டா சுருக்குன்னு இழுக்கும். புதுசுல ஒரு தடவை அப்படி இழுத்ததுல, கையில இருந்த உளியைத் தூக்கி எறிஞ்சிட்டு இவரை நான் திட்டின திட்டுக்கு, பக்கத்துல வலை பின்னிக்கினு இருந்தவங்க எழுந்து வந்துட்டாங்க. அன்னிக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்து புதுசா அடிச்சோம். கரண்டு கசிஞ்சா தானா விழுந்துடற ட்ரிப்பர் ஒண்ணும் போட்டோம். காலடியில ரப்பர் பாய். மாசத்துக்கு ஒரு தடவை அந்த ட்ரிப்பர் பட்டனை அமுக்கி, விழுதான்னு நானே பார்ப்பேன். இவரு கிட்ட விட்டா போன்ல பேசிக்கினே ஃபேன் ஸ்விட்சை அமுக்கிட்டு, சரியா இருக்குன்னு சொல்லிடுவாரு.

இத்தனை சட்டம் போட்டோமே, கழுத்துல இருந்ததை மட்டும் யாரும் நினைக்கலை. அது நகை இல்லியே. அது அங்கே இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இல்ல.

டிங்

ஒரு நாள் மேஜைக் கால் ஒண்ணுக்கு உப்புத்தாள் போட்டுக்கினு இருந்தேன். அடிப்பக்கம் வழவழப்பா வந்துச்சான்னு குனிஞ்சி பார்த்தேன். ஜாக்கெட்டுக்குள்ள இருந்த தாலி வழுக்கி வெளியே தொங்கிச்சு.

டிங்னு ஒரு சத்தம். தங்கக் குண்டு சுத்தற கட்டையில பட்டு எகிறி வந்து என் தாடையில அடிச்சுது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சி போச்சு. கை தானா ஸ்விட்சுக்குப் போச்சு. தாடையில ஒரு கோடு, குண்டுல ஒரு நசுங்கல். பட்டது குண்டு, அதனால தள்ளி விட்டுடுச்சு. கயிறு பட்டிருந்தா சுருட்டியிருக்கும்.

இவரு ஓடி வந்தாரு. எதுக்கெடுத்தாலும் சிரிக்கற மனுஷன், சிரிக்காம என் கழுத்துலேருந்து அதைக் கழட்டினாரு. கட்டினவரே கழட்டறாரு, கல்யாணத்துக்கு வந்த கூட்டத்துல ஒருத்தரும் இல்ல பார்க்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

அத்தை கேட்டதுக்கு, தாடையில கரண்டி பட்டுடுச்சுன்னு சொல்லிட்டோம்.

ஆணி, பாக்கெட்டு, கழுத்து

மறுநாள்லேருந்து பெரிய பிரச்சினை. மெஷின் ஓடற நேரத்துல தாலி எங்கே இருக்கறது?

ஜாக்கெட்டுக்குள்ள ஊக்கு குத்தி வெச்சிக்கறேன்னு சொன்னேன். ஊக்கு அவுந்து எனக்கே குத்திச்சு. அப்புறம் முருகன் படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டினோம். கண்ணு கட்டையில நிக்காம ஆணிக்கே போவும். அது இன்னும் ஆபத்து.

சரின்னு இவரு சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினாரு. அன்னிக்கு சாயங்காலமே அந்தச் சட்டையை சோப்புத் தண்ணியில ஊற வெச்சிட்டாரு, தாலியோட. தண்ணி முழுக்க மஞ்சளா நிக்குது, சாயம் போற சட்டையான்னு என்னையே கேக்கறாரு. யோவ்னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் பேசினதை இங்கே எழுத முடியாது.

அப்பதான் அவரு சொன்னாரு, "குடு. நானே போட்டுக்கறேன். கழுத்துல இருந்தா எப்படி தொலையும்?" போட்டுக்கினாரு. நான் சிரிச்ச சிரிப்புல அன்னிக்கு வேலையே ஓடலை. ஆனா ஒண்ணு சொல்லணும், அதுக்கப்புறம் என் கண்ணு கட்டையை விட்டு அசையவே இல்ல. அது உசுரோட ஒரு மனுஷன் மேல, வெதுவெதுன்னு பத்திரமா இருக்குன்னு மனசுக்குப் பட்டுச்சு. வேலை முடிஞ்சதும் திரும்பக் கட்டி விடுவாரு. தினம் ஒரு கல்யாணம், சாப்பாடு மட்டும் நான் போடணும்.

மயிலாப்பூர்லேருந்து ஒரு மாமி, பொண்ணோட புது வீட்டு பூஜை மண்டபத்துக்குத் தூண் சொல்ல வந்தாங்க. இவரு கழுத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். "நன்னாத்தான் இருக்கு. எங்காத்துக்காரர் தலையில கண்ணாடியை வெச்சுண்டே ஊரெல்லாம் தேடுவார். அவர்ட்ட இதைக் குடுத்தா அவ்வளவுதான்"னாங்க. கிரகப்பிரவேசத்துக்குள்ள தூண் வந்துடணும்னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்தத் தூணைத்தான் கடைஞ்சிக்கினு இருந்தேன், அத்தை வந்து நின்னப்ப.

பூட்டு

அத்தை கத்தலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், கணக்கு சரியாப் போயிருக்கும். கூடையை இறக்கி வெச்சாங்க. "கழட்டுடா"ன்னாங்க. இவரு அவசரத்துல இழுத்து, கயிறு ரெண்டு காதுலயும் மாட்டிக்கிச்சு. நான்தான் போய் எடுத்து விட்டேன்.

இவரு வேகவேகமா டிங் கதையெல்லாம் சொன்னாரு. அத்தை காதுலயே போட்டுக்கலை. கொட்டாயைச் சுத்தி ஒரு பார்வை பார்த்தாங்க.

"இது கழுத்துல இருந்தா மெஷின் ஓடட்டும். இல்லாங்காட்டி இன்னியோட பூட்டு. கொட்டாய் என்னுது."

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிச்சு. இந்த மெஷின்ல நிக்கறதுக்கு நான் எவ்வளவு பட்டிருப்பேன். எல்லாரும் ஏழுமலை பட்டறைன்னு சொன்ன இடத்தை இப்போ தேவி பட்டறைன்னு சொல்றாங்க. அதை விடச் சொன்னா எப்படி விடுவேன்? விட மாட்டேன்னு சொன்னேன். கழுத்துல போட்டுக்கினும் நிக்க மாட்டேன்னு சொன்னேன். ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னேன். அத்தை பூட்டை எங்கே வெச்சிருக்கேன்னு கேட்டாங்க.

இவருதான் நடுவுல வந்தாரு. அம்மா, நீயே ஒரு தடவை பார்த்துடு, அப்புறம் பூட்டுன்னு சொன்னாரு. பார்க்கறதுக்கு ஒரு மஞ்சக்கயிறும், கயித்துல கட்ட ஏதாவது ஒண்ணும் வேணும். கூடையை எட்டிப் பார்த்தாரு. வஞ்சிரத்துல கை வெச்சாரு. அத்தை அந்தக் கையைத் தட்டி விட்டாங்க. அவ்வளவு கோவத்துலயும் வியாபாரி வியாபாரிதான். சங்கராவை எடுத்துப் பார்த்து, அதையும் வெச்சிட்டு, கடைசியில கூடையிலயே விலை கம்மியான ஒரு கானாங்கெளுத்தியைத் தூக்கிக் குடுத்தாங்க.

கானாங்கெளுத்தி

இதை யாரும் வீட்ல பண்ணிப் பார்க்காதீங்க. பட்டறையிலயும் பண்ணாதீங்க. எங்களுக்கு வேற வழி தெரியலை, அதனால பண்ணினோம்.

தாலியை முருகன் படத்து ஆணியில மாட்டிட்டு, மாமியோட தூணைக் கழட்டி, மேல பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன். பூஜைத் தூண் மேல மீன் செதில் பறந்தா மாமிக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு வேண்டாத கட்டையை மெஷின்ல மாட்டினேன். பூஜை சாமான்ல இருந்த புது மஞ்சக்கயிறை மீனோட செவுள் வழியா விட்டுக் கட்டினோம். மீனைத் தூக்கி மெஷினுக்குப் பக்கத்துல மரமேடையில வெச்சி, கயித்தோட நுனியை நீளமா விட்டோம். அத்தையை வாசலுக்கு வெளியே, பலகைக்குப் பின்னாடி நிறுத்தினோம். இருக்கறதுலயே மெதுவான ஓட்டத்துல நான் மெஷினைப் போட்டுட்டு, ஸ்விட்ச் பக்கத்துலயே ஒதுங்கி நின்னேன். இவரு தூரத்துலேருந்து நீளக் கழியால கயித்து நுனியைத் தூக்கி, சுத்தற கட்டை மேல போட்டாரு.

முதல்ல ஒண்ணும் ஆவலை. கயிறு கட்டை மேல தடவிக்கினு வழுக்கிச்சு. அத்தை பலகைக்குப் பின்னாடிலேருந்து, இதான் உங்க வித்தையான்ற மாதிரி என்னைப் பார்த்தாங்க.

அப்போ பிடிச்சுது. மீன் மேடையில இருந்தது எனக்குத் தெரியும். அடுத்ததா அது கட்டையில இருந்தது தெரியும். நடுவுல எதையும் நான் பார்க்கலை, யாரும் பார்க்கலை. தப்பு தப்புன்னு ரெண்டு அடி, நான் ஸ்விட்சை அமுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு. வால் காலண்டர்ல ஒட்டிக்கிச்சு. செதில் இவரு மீசையில. உடம்பு எங்கே போச்சுன்னு மறுநாள் நாத்தம் வந்தப்பதான் கண்டுபிடிச்சோம். கட்டையில மஞ்சக்கயிறு மட்டும் இறுக்கமா சுத்தியிருந்துச்சு, அதுல தலை மாட்டிக்கினு இருந்துச்சு.

இவருக்கு சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும். மீசையில செதிலோட நின்னா யாருக்குத்தான் வராது.

அத்தை சிரிக்கலை. உள்ளே வந்து, மெஷின் நல்லா நின்னுடுச்சான்னு பார்த்துட்டு, அந்தக் கயித்தை விரலால நெருடிப் பார்த்தாங்க. அவுக்க வரலை. அப்புறம் என் கிட்ட வந்து, மூக்குல கட்டியிருந்த துணியை இறக்கி, தாடையைத் திருப்பினாங்க.

"கரண்டி இல்ல."

"இல்ல அத்தை."

ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கினாங்க. அதுக்கப்புறம் அவங்க சொன்னதை அதுவரைக்கும் நானும் கேட்டதில்ல, அவங்க புள்ளையும் கேட்டதில்ல.

"உங்க மாமா போன அன்னிக்கு கயிறு நைஞ்சி கீதுன்னு காலையில கழட்டி வெச்சேன். புதுக் கயிறு கோக்கறதுக்குள்ள பக்கத்து வூட்ல கூப்டாங்க. போய்ட்டேன். வந்து போட்டுக்கலாம்னு கீழ வெச்சிட்டுப் போய்ட்டேன். படகு வந்துச்சு. அவரு வரலை."

இவரு சிரிப்பு நின்னு போச்சு. ஏம்மா சொல்லவே இல்லைன்னு கேட்டாரு. அத்தை கூடையைத்தான் பார்த்தாங்க. இத்தனை வருஷமும் இந்த மனுஷி இதைச் சுமந்துக்கினு, கூடையையும் சுமந்துக்கினு நடந்திருக்காங்களேன்னு இருந்துச்சு. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாயில வந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்குக் கடல்ல காத்து அடிச்சிச்சா இல்லியா அத்தை?"

"அடிச்சிச்சு. ஊரையே தூக்கற காத்து."

"காத்துக்கு உங்க கயிறு எங்கே இருக்குன்னு தெரியுமா?"

என் கையைப் பிடிச்சிக் கிட்ட இழுத்தாங்க. "இது உன் கழுத்துல இல்லாங்காட்டி அவனுக்கு இன்னா ஆவுமோன்னு நான் அவனையே பார்த்துக்கினு இருந்துட்டேன்மே. உன்னைப் பார்க்கவே இல்ல"ன்னாங்க.

இவரு மெதுவா போய், ஆணியில இருந்த தாலியை எடுத்துக் கழுத்துல போட்டுக்கப் போனாரு. அத்தை தடுத்தாங்க. நீ இதோட டீக்கடைக்குப் போவே, இதோட கடலுக்கும் குளிக்கப் போவே, உன்கிட்ட குடுத்து வெக்கற பொருளாடா இதுன்னு கேட்டாங்க. என்கிட்ட குடுன்னு கையை நீட்டினாங்க.

நீட்டின கை பாதியில நின்னு போச்சு. என் வளைகாப்பு அன்னிக்கு எனக்கு ஒரு வளையல் போட மாட்டேன்னு வாசல்லயே நின்னவங்க அவங்க. எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரலை. இப்பவும் அந்தக் கையை மடியில வெச்சிக்கினு, "நான் தொடக் கூடாது. ஆணியிலயே மாட்டு"ன்னாங்க.

நான் மாட்டலை. இவரு கிட்டேருந்து வாங்கி அத்தை தலை வழியாப் போட்டு விட்டேன். கயிறு கொண்டையில மாட்டிச்சு, எடுத்து விட்டேன். அத்தை குனிஞ்சி பார்த்தாங்க. எத்தனையோ வருஷமா ஒண்ணுமே இல்லாத கழுத்து. விரலால அந்த நசுங்கின குண்டைத் தடவினாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, துடைக்கலை. அப்புறம் அதை ஜாக்கெட்டுக்குள்ள போட்டு, முந்தானையை இழுத்து மூடி, ஸ்டூலைத் தூக்கிக்கினு போய் மெஷினுக்கு எட்டாத தூரத்துல போட்டு உட்கார்ந்தாங்க.

நான் நின்ன இடத்துலயே நின்னுக்கினு இருந்தேன்.

"இன்னா பார்த்துக்கினு கீறே? மாமிக்குத் தூணு வேணாமா? போடு மெஷினை."